எந்தத் தளத்திடம் எந்தக் கேள்வி: தாவரக் குடும்பங்கள் படிக்கும் டெல்டா மாணவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மன்னார்குடிப் பக்கம் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு, பூக்கும் தாவரக் குடும்பங்களைப் படிக்க இணையத்தில் நம்பகமான தளம் ஒன்று வேண்டும், செயலியில் படம் போட்டால் ஒரே செடிக்கு மூன்று பெயர் வருகிறது, வெங்காயம் பாடத்தில் லில்லியேசி, இணையத்தில் அமரில்லிடேசி, எதை நம்புவது? இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. கையில் இருக்கும் செடி எந்தக் குடும்பம் என்பது ஒன்று. அந்தச் செடிக்கு இன்று ஏற்கப்பட்ட பெயர் என்ன என்பது இரண்டாவது. குடும்பத்தின் எல்லையை யார் வகுத்தபடி எடுத்துக்கொள்வது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லும் தளம் கிடையாது. பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் தளத்தில் குடும்ப அடையாளத்தைத் தேடுவதும், படம் பார்க்கும் செயலியிடம் வகைப்பாட்டைக் கேட்பதும்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டிஷ் தாவரவியலாளர்கள் பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டில் 202 குடும்பங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய பூ, காய், சூற்பை அமைப்பை வைத்துப் பிரித்தவை அவை. உலர்தாவரத் தாள்களை (காயவைத்த செடியை ஒட்டிய தாள்களை) அடுக்குவதற்கு வசதியானது என்பதால் நம் நாட்டில் அது நிலைத்துவிட்டது. தேர்வும் பெரும்பாலும் அதன்படியே நடக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்ப்பது ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்) எனப்படும் ஆய்வாளர் குழுவின் வகைப்பாடு. டிஎன்ஏ வரிசையை ஒப்பிட்டு யாருக்கு யார் உறவு என்று பார்த்து 1998, 2003, 2009, 2016 என நான்கு முறை வெளியானது. 2016-ல் வந்த நான்காவது பதிப்பில் 64 துறைகள் (உறவான குடும்பங்களைச் சேர்த்த தொகுதிகள்), 416 குடும்பங்கள். இரண்டும் வேறு வேறு நோக்கத்துக்காக எழுந்தவை. ஆகவே வெங்காயத்துக்கு இரண்டு குடும்பப் பெயர் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பழைய லில்லியேசி ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். அது இன்று சிதறிப்போனது. வெங்காயம் அமரில்லிடேசிக்கும், சோற்றுக்கற்றாழை அஸ்ஃபோடிலேசிக்கும், தண்ணீர்விட்டான் அஸ்பராகேசிக்கும், செங்காந்தள் கோல்சிகேசிக்கும் போய்விட்டன. இன்றைய பொருளில் லில்லியேசிக்கு ஒரு காட்டுச் செடி காட்டுங்கள் என்று கேட்டால் டெல்டா முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. ஸ்க்ரோஃபுலேரியேசியும் இப்படித்தான் உடைந்தது. வயல் ஓர ஈரத்தில் படரும் நீர்பிரம்மி இப்போது பிளான்டாஜினேசியில் இருக்கிறது. கீழாநெல்லியை யூஃபோர்பியேசியிலிருந்து பிரித்து ஃபிலாந்தேசியில் வைத்துவிட்டார்கள். குப்பைமேனியும் அம்மான் பச்சரிசியும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. இன்னொரு பக்கம் சில குடும்பங்கள் ஒன்றாகிவிட்டன. எருக்கின் அஸ்கிளபியடேசி அப்போசைனேசிக்குள் வந்துவிட்டது. நொச்சியும் தேக்கும் வெர்பினேசியை விட்டுத் தும்பை இருக்கும் லேமியேசிக்குப் போயின. பொடுதலை மட்டும் வெர்பினேசியிலேயே நிற்கிறது. இலவமரத்தின் பாம்பகேசி மால்வேசிக்குள், உமரியின் கீனோபோடியேசி அமராந்தேசிக்குள், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் அகாந்தேசிக்குள். இவற்றில் நம் ஊர்க் குளத்திலேயே பார்க்கக்கூடியது அல்லியும் தாமரையும். பெந்தம், ஹூக்கர் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்தார்கள். இன்று அல்லி நிம்ஃபியேசி; தாமரை நெலும்போனேசி, அதுவும் மிகத் தொலைவான வேறொரு துறையில். அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலை பிளவில்லாத முழு வட்டம். தாமரையின் சூலகங்கள் தனித்தனியாகப் பூத்தளத்தின் குழிகளில் புதைந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ள டிஎன்ஏ வேண்டாம், கோயில் குளம் போதும்.

தேர்வுக்கு எழுதும்போது எந்த முறைப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்: ‘பெந்தம்–ஹூக்கர் முறையில் லில்லியேசி, ஏபிஜி 4-ன்படி அமரில்லிடேசி’. குறிப்பேட்டில் செடிக்கு எதிரே இரண்டு பத்திகள் போட்டு நிரப்பிக்கொண்டே வந்தால், முப்பது நாற்பது செடிகளுக்குள் எந்தெந்தக் குடும்பம் உடைந்தது, எது சேர்ந்தது என்பது தானாகப் பிடிபடும். ஃபேபேசிக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பாடத்தில் மூன்று துணைக்குடும்பங்கள் இருக்கும். 2017-ல் வெளியான வகைப்பாட்டில் ஆறு. வேலமும் தொட்டாற்சுருங்கியும் அடங்கிய மைமோசாய்டியே இப்போது தனித் துணைக்குடும்பம் இல்லை, கொன்றை இருக்கும் சிசால்பினியாய்டியேவுக்குள் ஒரு கிளை. புளியமரம் டெட்டாரியாய்டியே என்ற வேறொன்றில்.

ஏபிஜி பக்கம் போக வேண்டுமானால் மூல இடம் ‘ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி வெப்சைட்’. மிசௌரி தாவரவியல் தோட்டத்தின் தளத்தில் பீட்டர் ஸ்டீவன்ஸ் 2001 முதல் நடத்திவருவது. குடும்ப எல்லை பற்றி இதைவிடக் கூர்மையான இடம் இல்லை. ஆரம்பநிலை மாணவரை இதைவிட மிரட்டும் தளமும் இல்லை. வரிக்கு வரி சுருக்கக் குறியீடுகள், வேதிப்பொருள், மரக்கட்டை நுண்ணமைப்பு, கருவளர்ச்சி என்று அடர்ந்து கிடக்கும். முழுவதும் படிக்க முயலாதீர்கள். துறையின் கிளைப்படத்தைத் திறந்து உங்கள் குடும்பம் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தின் முதல் பத்தியில் இலை, பூ, சூற்பை பற்றிய வரிகளை மட்டும் எடுங்கள். பழைய பெயர்கள் எவை இதற்குள் வந்தன என்று பாருங்கள். அதற்குமேல் முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்வி, கையில் இருக்கும் செடியின் குடும்பம். இதற்குத் தளம் இரண்டாவது. முதலில் வேண்டியது பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், புது ஷேவிங் பிளேடு, இரண்டு ஊசி, ஒரு வெள்ளை அட்டை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அதனருகே கொண்டுவர வேண்டும். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். பலரும் லென்ஸைப் பூமேல் வைத்துத் தலையைத் தூர வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பத்து மடங்கு கிடைக்காது. பூவை நெடுக்குவாட்டில் ஒன்று, சூற்பையைக் குறுக்குவாட்டில் ஒன்று என இரண்டு வெட்டு. நெடுக்கு வெட்டில் சூற்பை மேல்மட்டமா கீழ்மட்டமா என்பதும், மகரந்தத்தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் தெரியும். குறுக்கு வெட்டில் அறைகளின் எண்ணிக்கையும் சூல் ஒட்டு முறையும் தெரியும். மலர்ந்த பூவில் சூற்பை பொடியாக இருந்தால், இதழ் உதிர்ந்து காய் திரளத் தொடங்கிய பூவை வெட்டுங்கள்; அறைகள் எளிதாகத் தெரியும். இதழமைவு (மொட்டுக்குள் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் முறை) பார்க்க மொட்டுதான் சரி, மலர்ந்த பூவில் அது குலைந்திருக்கும். காய்ந்த பூ என்றால் சில நிமிடம் கொதிநீரில் போட்டால் விரிந்து கொடுக்கும்.

ஒரு செடியை வைத்தே பார்ப்போம். வாய்க்கால் கரையெல்லாம் மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரை நம்பினால் ஆமணக்கு வகையறா, யூஃபோர்பியேசி என்று எழுதிவிடுவீர்கள். தண்டை ஒடித்தால் பால் வடியும், சந்தேகம் இன்னும் பலப்படும். பூவைத் திறந்தால் கதை மாறுகிறது. இளஞ்சிவப்பு இதழ்கள் ஐந்தும் இணைந்து புனலாக இருக்கின்றன. மொட்டில் மடிந்து முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஐந்து மகரந்தத்தாள்கள், நீளம் ஒன்றுபோல் இல்லை, இதழ்க்குழாயின் அடியில் ஒட்டியிருக்கின்றன. சூற்பை மேல்மட்டம், அடியில் வளையம், ஒரே சூல்தண்டு, சூல்முடி இரண்டு உருண்டையாகப் பிரிந்திருக்கிறது. இது கன்வால்வுலேசி, சர்க்கரைவள்ளியின் குடும்பம். ஐபோமியா கார்னியா என்பது செடியின் பெயர், தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பக்கத்திலேயே வேலியோரம் நிற்கும் நிஜக் காட்டாமணக்கையோ ஆதாளையையோ வெட்டிப் பாருங்கள்: ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, பெண் பூவின் சூற்பையில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு சூல். யூஃபோர்பியேசியின் முத்திரை அந்த மூன்று அறைதான், பால் இல்லை. குப்பைமேனியில் பாலே வராது, ஆனால் சூற்பை மூன்றறை. பால் வந்தால் யூஃபோர்பியேசி என்று மனப்பாடம் செய்தவர்கள் எருக்கிலும் இங்கேயும் ஒருசேரச் சறுக்குவார்கள்.

இப்படிக் குறித்த பண்புகளோடு தளத்துக்குப் போனால் தளம் வேலை செய்யும். வாட்சன், டால்விட்ஸ் இருவரும் உருவாக்கிய பூக்கும் தாவரக் குடும்பங்களின் விளக்கத் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. அதை இயக்கும் முறைக்கு டெல்டா என்று பெயர் (நம் டெல்டாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை). அதன் ‘இன்ட்கீ’ என்ற மென்பொருள் கணினியில் ஓடும். அச்சிட்ட திறவுகோலில் (படிப்படியாகப் பண்பைக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) முதல் படியில் கேட்ட பண்பு உங்கள் மாதிரியில் இல்லாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இதில் தெரிந்த பண்பை எந்த வரிசையிலும் கொடுக்கலாம். இலை எதிரடுக்கு, இதழ் இணைந்தது, மகரந்தத்தாள் நான்கு, சூற்பை மேல்மட்டம் என்று கொடுத்தால் குடும்பங்கள் சுருங்கிக்கொண்டே வரும். சந்தேகமான பண்பைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு தவறான விடை சரியான குடும்பத்தை வெளியே தள்ளிவிடும். குடும்பங்களின் எல்லை அதில் ஏபிஜி 4-ஓடு எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். சுருக்கமான, தெளிவான விளக்கமும் திறவுகோலும் வேண்டுமானால் ‘ஈஃப்ளோராஸ்’ தளத்தில் சீனத் தாவரவளமும் பாகிஸ்தான் தாவரவளமும் (அந்தந்த நாட்டுச் செடிகளை விவரிக்கும் நூல்கள்) இருக்கின்றன. நம் ஊர்க் களைகளில் கணிசமானவை ஆசிய வெப்பநாடுகள் எங்கும் இருப்பவை என்பதால் அந்த விளக்கங்கள் இங்கும் பயன்படும். அங்குள்ள இனத் திறவுகோலை மட்டும் அப்படியே நம் செடிக்குப் பொருத்தக் கூடாது, நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாத இனம் அதில் வராது.

செயலிகள் பற்றி. பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் மூன்றும் வேறு வேறு விதமானவை. கூகுள் லென்ஸ் வலையில் கிடக்கும் படங்களோடு ஒப்பிடுகிறது. அந்தப் படத்தின் கீழே நர்சரிக்காரர் போட்ட பெயரே தவறாக இருந்தால் அதுவே உங்களுக்கும் வரும். பிளான்ட்நெட்டில் இலை, பூ, காய், பட்டை என்று உறுப்பைத் தனியாகக் குறிக்கலாம், எந்த நிலப்பகுதியின் தாவரம் என்றும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஒற்றைப் படம் போட்டால்தான் மூன்று பெயர் வரும். எந்தச் செயலியும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியே தீரும், அதுதான் சிக்கல். பூ இல்லாத இலைப் படம், தூரத்தில் எடுத்த முழுச் செடி, புல், கோரை ஆகியவற்றில் அதிகம் தவறும். ஆரைக்கீரையைப் படம் எடுத்துப் போட்டுப் பூக்கும் தாவரமாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நாலிலையோடு வயல் நீரில் நிற்கும் அது பெரணி வகை, பூவே கிடையாது. மூன்றிலையும் மஞ்சள் பூவும் உள்ள புளியாரைதான் பூக்கும் தாவரம், ஆக்சாலிடேசி. செயலி சொன்ன இனப் பெயரை விட்டுவிட்டு, அது சொன்ன முதல் ஐந்து பெயர்களின் குடும்பத்தைப் பாருங்கள். ஐந்தும் ஒரே குடும்பம் என்றால் குடும்பம் அநேகமாகச் சரி. ஐந்தும் ஐந்து குடும்பம் என்றால் அந்த விடையைத் தூக்கிப் போடலாம்.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முழுச் செடி ஒன்று; தண்டில் இலை எதிரடுக்கா மாற்றடுக்கா என்று தெரியும்படி ஒன்று; இலைக்காம்பு சேரும் கணுவில் இலையடிச் செதில் தெரியும்படி ஒன்று; பூவை நேராக ஒன்று; பக்கவாட்டில் புல்லிவட்டம் தெரியும்படி ஒன்று; பிளந்த பூ ஒன்று; காய் ஒன்று. பக்கத்தில் அளவுகோல் அல்லது ஒரு ரூபாய் நாணயம். மற்றக் குடும்பங்கள் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கணுப் படம் இல்லாமல் ரூபியேசியை உறுதியாகச் சொல்ல முடியாது. எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே நிற்கும் இலையடிச் செதில்தான் அந்தக் குடும்பத்தின் அடையாளம்.

ஐநேச்சுரலிஸ்டை அடையாளம் கேட்கும் இடமாகப் பார்ப்பதைவிடப் பயிற்சிக்கூடமாகப் பார்த்தால் லாபம் அதிகம். தேடலில் குடும்பப் பெயரையும் இடமாகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மாவட்டத்தையும் கொடுங்கள். அந்தக் குடும்பத்தில் உங்கள் பகுதியில் யார் யார் எதை எடுத்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லிப் பழகுங்கள். பதிவேற்றும்போது இனம் தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்தலாம், அதை அந்தத் தளம் ஏற்கும். ‘ஆய்வுத் தரம்’ என்ற முத்திரையைப் பெரிதாக எடுக்க வேண்டாம்: குறைந்தது இரண்டு பேர், கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டார்கள் என்பதே அதன் பொருள். நந்தவனத்துச் செடி, கொல்லைச் செடி என்றால் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அரளியும் காகிதப்பூவும் டெல்டாவில் தானாக வளர்வதாகப் பதிவாகிவிடும். இந்தியச் செடிகளுக்கென்று கேட்டுத் தெரிந்துகொள்ள 2007 முதல் இயங்கும் ‘ஈஃப்ளோரா ஆஃப் இந்தியா’ குழுவும், 2008-ல் தொடங்கிய ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’ தளமும் இருக்கின்றன. முன்னதன் பழைய உரையாடல்களைப் படித்தாலே ஒரு செடியை ஏன் இன்னது என்று சொல்கிறார்கள் என்ற காரணம் கிடைக்கும். வெறும் பெயரைவிட அந்தக் காரணம்தான் படிக்க வேண்டியது.

இரண்டாவது கேள்வி, பெயர். இதற்கு லண்டன் கியூ தாவரவியல் தோட்டம் 2017-ல் தொடங்கிய ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்’ போதும். பழைய பெயரைக் கொடுத்தால் இன்று ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். சீமைக்கருவேலத்துக்குப் ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று கொடுத்தால் நெல்டூமா என்ற புதுப் பேரினத்துக்குக் கொண்டுபோகும். கறிவேப்பிலைக்கு முர்ரயா கொடுத்தால் பெர்கெரா வரும். நம் கருவேலத்துக்கு அக்கேசியா போய் வாச்செல்லியா. இதில் உறுதியானது எது, கைமாறக்கூடியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை ரூட்டேசி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேரினம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ‘வேர்ல்டு ஃப்ளோரா ஆன்லைன்’ போன்ற வேறொரு பட்டியலில் சில செடிகளுக்கு வேறு பெயர் ஏற்கப்பட்டிருக்கும். எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ‘ஐபிஎன்ஐ’ என்ற பெயர்ச் சுட்டியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம்: ஒரு பெயரை யார், எந்த ஆண்டில், எந்த நூலில் வெளியிட்டார் என்பதற்குத்தான் அது, அதில் இருப்பதாலேயே பெயர் ஏற்கப்பட்டதாகிவிடாது. ‘தி பிளான்ட் லிஸ்ட்’ என்ற பழைய பெயர்ப் பட்டியல் 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை; அதை ஆதாரமாகக் காட்டும் பக்கம் எதுவானாலும் ஒருமுறை மறுபடி பாருங்கள். கியூவின் பரவல் வரைபடத்தில் இமயமலை, அசாம், தீவுகள் போக மீதி இந்தியா ஒரே கட்டமாகத்தான் நிறம் தீட்டப்பட்டிருக்கும். ராஜஸ்தானில் மட்டும் உள்ள செடிக்கும் திருத்துறைப்பூண்டி வரை நிறம் இருக்கும்.

ஆகவே உள்ளூரில் இருக்கிறதா என்பதற்கு நம் பகுதியின் தாவரவளமே வேண்டும். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மெட்ராஸ் மாகாணத் தாவரவளம் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரவளம் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகள். இரண்டும் ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’, ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளங்களில் வருடிய நூல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. கேம்பிளின் பேரினத் திறவுகோல்கள் இன்றும் வேலை செய்கின்றன; பெயர்கள் பழசு, குடும்பங்கள் பெந்தம்–ஹூக்கர் வழி. திறவுகோலில் பெயரைப் பிடித்து அதைக் கியூ தளத்தில் கொடுத்து இன்றைய பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. வருடிய பக்கத்தில் சொல் தேடல் பல இடத்தில் தவறும், எழுத்தைக் கருவி தப்பாகப் படித்திருக்கும். பின்னிணைப்பின் பெயரடைவைத் திறந்து பக்க எண்ணைப் பிடிப்பது வேகம். மத்திய தமிழகத்துக்கு இதைவிட நெருக்கமானது கே. எம். மேத்யூ 1981 முதல் 1988 வரை வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவரவளம். கோட்டோவியங்களுக்காகவே அதைப் பார்க்கலாம். இதை இணையத்தில் தேடி அலைவதைவிட நூலகத்தில் கேட்பது நல்லது. தென்னிந்தியா முழுவதற்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தீபகற்ப இந்தியத் தாவரவளத் தளம் இருக்கிறது. மாவட்டவாரியான பதிவும் படமும் உண்டு. படம் மட்டும் பார்க்க ‘ஃப்ளவர்ஸ் ஆஃப் இந்தியா’ வசதி.

உலர்தாவரத் தாள்களைப் படமாகப் பார்ப்பதை மாணவர்கள் ஏனோ ஒதுக்குகிறார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ‘இந்தியன் வர்ச்சுவல் ஹெர்பேரியம்’, கியூ, லண்டன் லின்னேயன் கழகம் ஆகியவற்றின் தொகுப்புகள் திறந்தே இருக்கின்றன. டெல்டாக்காரர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு: லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார், அவருக்குப் பின் ரோட்லர் 1776-ல் வந்தார், இங்கே சேகரித்த செடிகள் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் பெற்றன. கறிவேப்பிலையின் இனப் பெயரான கோனிகியை அந்தக் கோனிக்கைக் குறித்ததுதான். இந்தத் தொகுப்புகளில் ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. தஞ்சாவூரை டாஞ்சோர், நாகப்பட்டினத்தை நெகபட்டாம், தரங்கம்பாடியை டிராங்கிபார், திருச்சியை டிரிச்சினோபொலி, கோடியக்கரையைப் பாயிண்ட் காலிமர் என்று ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்தில் போட வேண்டும். தாளில் மெட்ராஸ் என்று மட்டும் இருந்தால் அது சென்னை நகரமாகவும் இருக்கலாம், முழு மாகாணமாகவும் இருக்கலாம். உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ‘ஜிபிஐஎஃப்’ தளத்தின் வரைபடத்தில் அப்படிப்பட்ட தாள்களுக்கு யாரோ ஒருவர் தோராயமாகப் புள்ளி வைத்திருப்பார். வங்கக் கடலில் புல் முளைத்திருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வயலைச் சுற்றி வளர்ந்தவர் என்பதால் போயேசி, சைப்பரேசி இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள், டெல்டாவில் அவைதான் முதலில் கண்ணில் படுபவை. தண்டை விரலிடையே உருட்டுங்கள்: மூன்று பட்டை உணர்ந்தால் பெரும்பாலும் கோரை, உருண்டை என்றால் புல். கோரையின் இலையுறை தண்டைச் சுற்றி மூடிய குழாய், இலைகள் மூன்று வரிசை. புல்லின் உறை ஒரு பக்கம் திறந்திருக்கும், உறையும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் சிறு நாக்கு போன்ற சவ்வோ மயிர் வரிசையோ இருக்கும், இலைகள் இரண்டு வரிசை. குதிரைவாலிக் களையில் அந்த நாக்கு இருக்காது, நெல்லில் நீளமாக இருக்கும். களை பறிக்கிறவர்கள் பூ வருமுன்பே இரண்டையும் பிரிக்க அது உதவும். நெல் பூவைக் காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகலுக்குள் பாருங்கள். இரண்டு உமி திறந்திருக்கும், அடியில் இரண்டு சிறு செதில், இறகு போன்ற இரண்டு சூல்முடி, ஆறு மகரந்தத்தாள். பெரும்பாலான புற்களுக்கு மூன்றுதான். நெல்லை வெட்டிப் பார்த்து ஆறு என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறைத்தால் சண்டை போடலாம். சம்பா அறுவடைக்குச் சற்று முன் தெளிக்கும் உளுந்தும் பயறும் பூக்கும்போது ஃபேபேசியைப் படித்துவிடுங்கள்: ஒன்பது மகரந்தத்தாள் இணைந்து ஒன்று தனியே நிற்பதையும், படகிதழ் சுருண்டிருப்பதையும் அங்கேயே பார்க்கலாம். நெல் வயல் களைகளுக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ரைஸ் நாலெட்ஜ் பேங்க்’ தளத்தில் களைவாரியாகக் குறிப்பு இருக்கிறது.

தமிழில் படிக்க, அரசுப் பாடநூலான பதினோராம் வகுப்புத் தாவரவியல் இணையத்தில் இலவசம். கல்லூரி வந்துவிட்டோம் என்று அதை ஒதுக்க வேண்டாம். புல்லிவட்டம், அல்லிவட்டம், சூல் ஒட்டு முறை, மலர்ச் சூத்திரம் எல்லாம் படத்தோடு அங்கே தெளிவாக இருக்கின்றன. தமிழ்ப் பெயரைக் கொண்டு இனத்தைத் தேடுவது மட்டும் ஆபத்து. ஆகாயத்தாமரை என்று தேடினால் சிலர் வெங்காயத்தாமரையையும் சிலர் பிஸ்டியாவையும் காட்டுவார்கள். முன்னது பான்டெடெரியேசி, பின்னது அரேசி. உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மலர்ச் சூத்திரம் கேட்டு எழுதாதீர்கள். வடிவம் கச்சிதமாக இருக்கும், எண் தப்பாக இருக்கும், வெட்டிப் பார்க்காதவருக்குத் தப்பு தெரியாது.

இந்த வழியில் குடும்பம் வரை பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம், பேரினம் வரை பல சமயம் சொல்லலாம். இனம் என்று வரும்போது இணையமும் படமும் நின்றுவிடும் இடங்கள் உண்டு. வயல் கோரைகளில் ஃபிம்ப்ரிஸ்டைலிஸ் இனங்களைப் பிரிக்க முற்றிய கனியின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படம் எத்தனை போட்டாலும் பயன் இல்லை. கீழாநெல்லி என்று வருவதில் ஃபிலாந்தஸ் நிரூரி என்று எழுதியிருக்கும் பக்கங்கள் ஏராளம். அது அமெரிக்க இனம், நம் வரப்பில் நிற்பது பெரும்பாலும் ஃபிலாந்தஸ் அமாரஸ், அதோடு அதைப் போலவே இருக்கும் வேறு இனங்களும் கலந்து வளரும். இப்படிப்பட்டவற்றுக்கு மாதிரியை அழுத்திக் காயவைத்து எடுத்துப்போய் ஒப்பிடுவதுதான் வழி. செய்தித்தாளுக்கு நடுவே பூ, காய், இலையின் அடிப்புறம் மூன்றும் தெரியும்படி விரித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உமரி போன்ற சதைச் செடியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கினால்தான் காயும், இல்லையென்றால் தாளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். நீர்ச்செடியைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் வெள்ளைத் தாளைச் செருகி அப்படியே தூக்குங்கள். முத்துப்பேட்டைப் பக்கம் சேகரித்தால் தில்லை மரத்தின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையைப் பறிக்கக்கூடியது. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள், கோடியக்கரை உட்பட, வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. ஒட்டும் தாளின் அளவு 42 × 28 சென்டிமீட்டர். குறிப்புச் சீட்டில் தேதி, ஊர், வளர்ந்த இடம், உயரம், பூவின் நிறம், பால் உண்டா, மணம் உண்டா என்று எழுதுங்கள். காய்ந்தபின் நிறமும் மணமும் போய்விடும். உங்களுக்கு அருகில் ஒப்பிடத்தக்க பெரிய தொகுப்பு திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம். உங்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, மாதிரிகளைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு போங்கள்.